களைக்கொல்லிக்கு அடங்காத களையும் கூட்டுறவாளர் கடமையும்

"களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்பது நம் நாட்டுப் பழமொழி. விளைச்சலில் முக்கால் பங்கை விழுங்கிவிடும் வலிமை களைக்கு உண்டு என்பதை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆகவேதான் நடவு முடிந்ததும் நாள் கணக்கிட்டு, இரண்டு முறையேனும் வயலில் ஆள் இறக்கிக் கைக்களை எடுத்தனர். இன்று களையெடுக்கும் ஆட்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. எனவே கைக்களையின் இடத்தைக் களைக்கொல்லி பிடித்துக்கொண்டது. விக்கிரமசிங்கபுரத்தில் மட்டுமன்று, தாமிரபரணிப் பள்ளத்தாக்கு முழுவதிலும், கார் சாகுபடியாயினும் பிசான சாகுபடியாயினும், உரத்தோடும் விதையோடும் களைக்கொல்லியும் சங்கத்தின் விற்பனைப் பிரிவில் கேட்கப்படும் பொருளாகிவிட்டது.

களைக்கொல்லியைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. குறைந்த செலவில், வேண்டிய நாளில், பெரும் பரப்பில் களையை அடக்க அது உதவுகிறது என்பதை மறுப்பவர் எவருமிலர். நான் அங்கத்தினர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது வேறொன்று. களைக்கொல்லி எழுதாத பத்திரத்தோடு வரும் பொருளன்று. அதன் வீரியம் செலவழிந்துபோகும் இயல்புடையது. அவ்வாறு செலவழியும் வீரியம் புட்டி வாங்கியவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. கால்வாய் நீரைப் போல அது ஊர்ப் பொதுச் சொத்து. ஒருவர் அதனை வீணாக்கினால் இழப்பு அனைவருக்கும் சேரும். பொதுச் சொத்தைக் காக்கும் பொறுப்பு எவருக்கு உண்டு? கூட்டுறவுச் சங்கத்துக்கே உண்டு என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைக் கீழே விளக்குகிறேன்.

மருந்துக்குக் களை எவ்வாறு தப்புகிறது?

"களை மருந்துக்குப் பழகிவிட்டது" என்று நாம் பேசுவது வழக்கம். கள்ளுக்கும் புகையிலைக்கும் மனிதன் பழகுவது போலக் களையும் பழகுகிறது என்று எண்ணுவது தவறு. எந்தத் தனிச் செடியும் மருந்தை உண்டு உண்டு வலுப்பெறுவதில்லை. உண்மையில் நடப்பது பின்வருமாறு:

ஒரு வயலில் ஓரினக் களை லட்சக்கணக்கில் முளைக்கிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே குணத்தில் வேறுபடும்போது, இத்தனை லட்சம் செடிகளும் ஒன்றுபோல் இருக்க இயலாது. அவற்றில் ஏதோ ஒன்று, மருந்து அந்த ஊருக்கு வருமுன்னரே, அம்மருந்தைத் தாங்கும் ஒரு சிறு மாறுதலோடு பிறந்திருக்கக்கூடும். மருந்து தெளித்த நாளில் மற்றவை யாவும் மடிய, அது மட்டும் நிற்கிறது. போட்டியின்றி வளர்ந்து, ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கிறது. அடுத்த பருவத்தில் அதன் சந்ததி சிறு திட்டாக முளைக்கிறது. அதே மருந்தை மீண்டும் தெளித்தால் மீண்டும் மற்றவை மடிகின்றன; திட்டு பெரிதாகிறது. ஐந்தாறு முறை இவ்வாறு நடந்தபின் வயல் முழுவதும் அந்த ஒரு செடியின் வழிவந்த குடும்பமே நிறைந்துவிடும். மருந்து இங்கே ஒரு சல்லடையின் வேலையைச் செய்கிறது. ஒரே சல்லடையால் ஆண்டுதோறும் சலித்தால், அதன் கண்ணில் சிக்காதவை மட்டுமே எஞ்சும் என்பதில் வியப்பில்லை.

தப்பும் வழி இரு வகைப்படும். செடியின் உடலில் ஒரு குறிப்பிட்ட நொதியைப் பற்றி அதன் வேலையை நிறுத்துவதன் மூலமே பெரும்பாலான களைக்கொல்லிகள் செடியைக் கொல்கின்றன. நொதியைப் பூட்டு என்றும் மருந்தைச் சாவி என்றும் கொள்வோமாயின், பூட்டின் அமைப்பு சற்று மாறிவிட்டாலும் சாவி பொருந்தாது போகும். இது முதல் வழி. இரண்டாவது வழி, மருந்து பூட்டை அடையுமுன்னரே செடி அதனைச் சிதைத்துச் செரித்துவிடுவது. இவ்விரண்டாவது வழி மிக ஆபத்தானது. ஏனெனில் ஒரு மருந்தைச் செரிக்கக் கற்ற குலம், அது ஒருபோதும் கண்டிராத வேறு மருந்தையும் சில சமயம் செரித்துவிடும்.

இச்செய்தி உலகுக்குப் புதிதன்று. சிமசைன் என்னும் மருந்துக்கு ஒரு களை அடங்காமல் நின்றதை, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து 1970-இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். அன்று அதனை ஒரு விந்தையாகக் கருதினர். இன்று உலகெங்கும் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட களையினங்கள் ஏதேனும் ஒரு மருந்துக்கு எதிர்ப்புத் திறன் பெற்றவையெனப் பதிவாகியுள்ளன.

ஹரியானா கற்ற பாடம்

தூர தேசத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் நாட்டின் களஞ்சியமான ஹரியானாவிலும் பஞ்சாபிலும் கோதுமை வயலில் ஒரு புல் உண்டு. தாவர நூலார் அதனை ஃபாலாரிஸ் மைனர் என்பர். அங்குள்ள குடியானவர்கள் குல்லி டண்டா என்றும் மண்டூசி என்றும் அழைப்பர். கதிர் விடும்வரை கோதுமையைப் போலவே தோன்றுவதால் கையால் களைவது கடினம். கோதுமை முற்றுமுன் தன் விதையை வயலிலேயே உதிர்த்துவிடும்.

1960-களின் நடுவில் மெக்சிகோவின் குட்டை ரகக் கோதுமை நம் நாட்டுக்கு வந்தது. 1966-ஆம் ஆண்டில் மட்டும் 18,000 டன் விதை இறக்குமதியாயிற்று. நாட்டின் பசி தீர்ந்ததற்கு அது ஒரு பெருங்காரணம். ஆயினும் குட்டைப் பயிரின் நிழல் குறைவு. உரமும் பாசனமும் மிகுதி. நெல்லுக்குப் பின் கோதுமை, கோதுமைக்குப் பின் நெல் என்று ஆண்டுதோறும் மாறாத சாகுபடி. இவை மூன்றும் சேர்ந்து மண்டூசிக்குப் பந்தி விரித்தன.

1970-களின் இறுதியில் ஐசோபுரோட்டூரான் என்னும் களைக்கொல்லி வந்தது. விலை மலிவு, கோதுமைக்குத் தீங்கில்லை, மண்டூசி மடிந்தது. குடியானவர் மகிழ்ந்தனர். பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதே மருந்தையே, சிலர் அளவைக் குறைத்தும் கூடத் தெளித்தனர். 1990-களின் தொடக்கத்தில் மருந்து தெளித்த பின்னும் மண்டூசி பச்சையாக நின்றது. மருந்து போலி என்றனர் சிலர். தெளித்த ஆளைக் குறை கூறினர் சிலர். ஹிசார் நகரிலுள்ள ஹரியானா வேளாண்மைப் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் ஆர். கே. மாலிக், சமுந்தர் சிங் ஆகியோர் ஆராய்ந்து, மருந்தில் குற்றமில்லை, களையே மாறிவிட்டது என்று நிறுவினர். அவர்களது ஆய்வுரை 1995-இல் வெளியாயிற்று.

இதில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. ஐசோபுரோட்டூரான் கோதுமையை ஏன் கொல்வதில்லை? கோதுமைச் செடி அம்மருந்தைத் தன் உடலுக்குள் சிதைத்துவிடுகிறது. அடங்காத மண்டூசியும் அதே வித்தையைத்தான் செய்தது. உருவத்தில் கோதுமையை ஒத்திருந்த களை, செரிமானத்திலும் கோதுமையை ஒத்துவிட்டது.

பல லட்சம் ஹெக்டேர் நிலத்தில் இக்கேடு பரவியது. மிக மோசமான வயல்களில் குடியானவர்கள் கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குத் தீவனமாகப் போட்டனர். 1990-களின் பிற்பகுதியில் குளோடினஃபாப், ஃபெனாக்சாப்ராப், சல்ஃபோசல்ஃபியூரான் என்னும் புது மருந்துகள் பரிந்துரைக்கப்பட்டன. உழாமல் விதைக்கும் முறையும் பரவியது. நிலைமை சீரடைந்தது. ஆனால் புது மருந்துகளையும் பழையபடியே ஆண்டுதோறும் தெளித்ததால், சில ஆண்டுகளில் அவற்றுக்கும் அடங்காத மண்டூசி பல இடங்களில் தோன்றிவிட்டது.

இத்தனைக்கும் நடுவே ஒரு நற்செய்தியும் உண்டு. கரும்பு, பெர்சீம் என்னும் தீவனப் பயிர், சூரியகாந்தி முதலியவற்றை இடையிடையே பயிரிட்ட வயல்களில் இக்கேடு மிகக் குறைவாகவே இருந்தது. அதே ஊர், அதே களை, அதே மருந்து. மாறாத சாகுபடியும் மாறாத மருந்தும் சேர்ந்த இடத்தில்தான் நஷ்டம் முழுமையாக விழுந்தது.

"அது கோதுமை, நமதோ நெல்"

இவ்வாறு ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. நம் வயல்களில் காணும் கோரையினத்தில் வட்டக்கோரை என்று ஒன்று உண்டு. முளைத்த ஐந்தாறு வாரங்களுக்குள் பூத்து, கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடியான விதைகளைப் பல்லாயிரமாகக் கொட்டிவிடும். ஒரு நெற்பயிர் அறுவடையாவதற்குள் அது தன் பிள்ளையையும் பார்த்துவிடும். கலிபோர்னியா நெல் வயல்களில் 1989-இல் பென்சல்ஃபியூரான் என்னும் மருந்து அறிமுகமாயிற்று. நான்கைந்து ஆண்டுகளுக்குள் இதே வட்டக்கோரை அதற்கு அடங்காமல் நின்றது.

நம் நாட்டிலும், சத்தீஸ்கர், கேரள மாநிலங்களின் நெல் வயல்களிலிருந்து எடுத்த வட்டக்கோரை, பிஸ்பைரிபேக் சோடியம் என்னும் மருந்துக்கு எதிர்ப்புத் திறன் பெற்றுள்ளமை 2021-இல் வெளியான ஆய்வில் உறுதியாயிற்று. குதிரைவாலிப் புல்லும் அதே வகை மருந்துக்கு அடங்காத செய்தி நம் நாட்டு நெல் வயல்களிலிருந்து 2023-இல் வெளிவந்தது. கேரளம் நமக்குத் தூரமன்று. பொதிகை மலைக்கு மறுபுறம் இருப்பது அதுவே. பிஸ்பைரிபேக் சோடியம் நம் சங்கத்து அலமாரியில் இல்லாத மருந்துமன்று.

குதிரைவாலிப் புல்லைப் பற்றியும் ஓரிரு வார்த்தை. நாற்றுப் பருவத்தில் அது நெல்லைப் போலவே இருக்கும். நெல்லின் இலையும் உறையும் கூடும் இடத்தில் சிறு நாக்கும் காதும் போன்ற உறுப்புகள் உண்டு. குதிரைவாலிக்கு அவை இல்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் நாற்றோடு நாற்றாகப் பிடுங்கி நட்டுவிடுகிறோம். அதுவும் நெல் அறுவடைக்கு முன்னரே தன் விதையை உதிர்த்துவிடுகிறது. ஆக, ஹரியானாவில் மண்டூசிக்கு இருந்த ஒவ்வொரு வசதியும் இங்கே குதிரைவாலிக்கும் வட்டக்கோரைக்கும் உண்டு. மாறாத சாகுபடியா? கார் நெல், பிசான நெல். பயிரை ஒத்த உருவமா? உண்டு. பயிருக்கு முன் விதை உதிர்ப்பதா? அதுவும் உண்டு. மாறாத மருந்து ஒன்றே அவற்றுக்கு வேண்டுவது. அதனை நாமே வழங்கிக்கொண்டிருக்கிறோம்.

பெயர் பல, பூட்டு ஒன்று

சங்கங்களின் விற்பனைப் பதிவேடுகளைப் பார்வையிடுவது என் உத்தியோகக் கடமை. ஒரே அங்கத்தினர் பெயரில், காருக்கும் பிசானத்துக்கும், ஆண்டுக்கு ஆண்டு அதே மருந்து எழுதப்பட்டிருப்பதை அவற்றில் காணலாம். "சென்ற தடவை வாங்கியதையே கொடுங்கள்" என்று கேட்பவரும், "அதைத்தானே எல்லாரும் வாங்குகிறார்கள்" என்று எடுத்துக் கொடுப்பவரும் ஒரு குற்றமும் செய்தவரல்லர். தெரியாமல் நடப்பது இது.

சில அங்கத்தினர் எச்சரிக்கையாக மருந்தை மாற்றுகின்றனர். பைரசோசல்ஃபியூரான் எத்தில் வாங்கியவர் மறு பருவத்தில் பிஸ்பைரிபேக் சோடியம் வாங்குகிறார். அதற்கடுத்து பென்சல்ஃபியூரான் கலந்த குருணை, பின்னர் பெனாக்சுலம். பெயர் மாறியது, புட்டியின் நிறம் மாறியது, கம்பெனியும் மாறியது. ஆனால் இந்நான்கும் செடிக்குள் பற்றும் நொதி ஒன்றே. அசிட்டோலாக்டேட் சிந்தேஸ் என்பது அதன் பெயர். நான்கு சாவிகளும் ஒரே பூட்டுக்கு உரியவை. பூட்டு மாறிவிட்டால் நான்கும் வீணாகலாம். அவ்வாறே பூட்டாகுளோரும் பிரிட்டிலாகுளோரும் ஒரே வகை. இவ்விரண்டும் முன்சொன்ன நான்கினின்று வேறு வகை. சைஹாலோஃபாப் இன்னொரு வகை. 2,4-டி மற்றொரு வகை. ஆகவே மருந்தை மாற்றுவதாயின் பெயரை மாற்றினால் போதாது. வகையை மாற்ற வேண்டும். இந்த ஒரு விவரம் மட்டும் ஒவ்வொரு அங்கத்தினர் மனத்திலும் பதிந்துவிடுமாயின், இக்கட்டுரை எழுதிய பயன் எனக்குக் கிட்டிவிடும்.

தலைமடைக்காரர் பொறுப்பு

என் வயலில் நான் கவனமாக இருக்கிறேன். பிறர் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று சொல்ல இயலுமா? களையின் விதைக்கு வரப்பு தெரியாது. அது பரவும் வழிகளை எண்ணிப் பாருங்கள்.

முதலாவது நீர். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் முதலாவதான கோடைமேலழகியான் நம் பக்கத்தில் உள்ளது. அதன் வடக்குக் கால், தெற்குக் கால், அதன்பின் நதியுண்ணி, கன்னடியன், கோடகன், பாளையங்கால், திருநெல்வேலிக் கால், மருதூர்க் கால்கள், முடிவில் ஸ்ரீவைகுண்டத்து வடகால், தென்கால் என்று ஒரே ஆற்று நீர் வயல் வயலாக இறங்கிச் செல்கிறது. மேல் வயலின் வடிகால் ஆற்றில் சேர்ந்து கீழ் வயலின் பாசனமாகிறது. மிதக்கும் விதை அதனோடு செல்கிறது. தண்ணீர்ப் பங்கீட்டில் தலைமடைக்காரனுக்குக் கடைமடைக்காரனிடம் ஒரு தர்மம் உண்டு என்பது இப்பள்ளத்தாக்கின் நெடுநாளைய வழக்கு. களை விதை விஷயத்திலும் அதே தர்மம் உண்டு. நாம் தலைமடையில் இருக்கிறோம். நம் வயலில் அடங்காத களை ஒன்று வேர்கொண்டால், அதன் பயனைப் பின்னர் ஸ்ரீவைகுண்டத்தார் அனுபவிப்பர்.

இரண்டாவது இயந்திரம். அறுவடைக் காலத்தில் வெளி மாவட்டங்களிலிருந்து பெல்ட் வண்டிகளும் டயர் வண்டிகளும் வாடகைக்கு வருகின்றன. ஒரு வயலின் சேறும் பதரும் விதையும் அவற்றின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு மறு வயலுக்கு, ஏன், மறு மாவட்டத்துக்கே பயணம் செய்கின்றன. மூன்றாவது, சொந்த வயலில் எடுத்து அண்டை அயலாரிடம் மாற்றிக்கொள்ளும் சுத்தம் செய்யாத விதைநெல். நான்காவது, நன்கு மக்காத தொழுஉரம். இவை நான்கும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் வழிகள். ஒருவர் கெடுவதும் பலர் கெடுவதும் இவ்வழிகளில் ஒன்றாகிவிடுகின்றன. ஒருவர் முயற்சியால் மட்டும் இதனைத் தடுக்க முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நெசவாள அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை

"இது விவசாயிகள் பாடு, தறிக்காரருக்கு இதில் என்ன?" என்று நெசவாள அங்கத்தினர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. பாவுக்கும் ஊடைக்கும் வேண்டிய நூல் பருத்தி வயலிலிருந்தே வருகிறது. அமெரிக்காவில் 1997 முதல், கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி விற்பனைக்கு வந்தது. பயிரின் மேலேயே மருந்து தெளிக்கலாம். களை மட்டும் சாகும். ஆகவே ஒரே மருந்து வயல் வயலாகத் தெளிக்கப்பட்டது. எட்டே ஆண்டுகளில், 2005 வாக்கில், ஜார்ஜியா மாநிலத்தில் பால்மர் அமராந்த் என்னும் களை அதற்கு அடங்காமல் நின்றது உறுதியாயிற்று. அது நாம் சமைத்துண்ணும் தண்டுக்கீரையின் குலத்தைச் சேர்ந்தது. ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஒரு பெண் செடி சில லட்சம் விதை தரும். ஆண் செடியின் மகரந்தம் எதிர்ப்புத் திறனைக் காற்றிலேயே சுமந்து சென்று அயல் வயலில் சேர்க்கும். இயந்திரங்களுக்குப் பெயர் போன அந்நாட்டிலேயே பருத்தி வயலில் ஆள் இறக்கிக் கைக்களை எடுக்க நேர்ந்தது.

நம் நாட்டில் இத்தகைய பருத்திக்கு அரசின் அனுமதி இல்லை. ஆயினும் மகாராஷ்டிரம், குஜராத், தெலங்கானா முதலிய மாநிலங்களில் அனுமதியற்ற விதை மறைவாக விற்கப்படுவது 2017 முதல் செய்தித்தாள்களில் அடிபட்டுவருகிறது. அவ்வயல்களில் கீரையினக் களைகள் இல்லாமலில்லை. பருத்திக்காரரின் களைச் செலவு ஏறினால், அது நூல் விலையில் வந்து நிற்கும். வீரவநல்லூர்த் தறியில் அமர்ந்திருப்பவரின் கூலியில் போய் முடியும். வயலுக்கும் தறிக்கும் இடையே நூலிழை தூரம்தான் உண்டு.

எதிர்வாதங்கள் சில

"பழைய மருந்து போனால் புது மருந்து வரும்" என்பர் சிலர். மருந்துக் கம்பெனிகள் சும்மா இருப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் அவர்கள் தரும் புதுப் பெயர்களில் பெரும்பாலானவை பழைய பூட்டுக்குச் செய்த புதுச் சாவிகளே. 1980-களுக்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், முற்றிலும் புதிய வழியில் செயற்படும் களைக்கொல்லி ஒன்றுகூடப் பெருவழக்குக்கு வரவில்லை. வாராத மாப்பிள்ளைக்காக வந்த வரனை விரட்டுவது விவேகமன்று.

"அங்கத்தினர் கேட்ட சரக்கைக் கொடுப்பதே சங்கத்தின் வேலை, வேண்டாமென்று சொன்னால் தனியார் கடைக்குப் போய்விடுவார், சங்கத்தின் விற்பனை குறையும்" என்று செயலாளர்கள் சிலர் கவலைப்படலாம். கவலை நியாயமானதே. ஆயினும் கடைக்கும் சங்கத்துக்கும் உள்ள வேற்றுமை என்ன? கடைக்காரரின் கணக்கு இந்தப் பருவத்தோடு முடிகிறது. சங்கமோ பயிர்க்கடன் கொடுத்துவிட்டு அறுவடை வரை காத்திருக்கிறது. மகசூல் குறைந்தால் முதலில் தவணை தவறுவது சங்கத்தின் கடன்தான். ஒரு புட்டி மருந்தின் லாபத்தைக் காக்க ஒரு கிராமத்தின் கடனை நிலுவையில் விடுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதாகும்.

"களை சாகாததெல்லாம் எதிர்ப்புத் திறனா?" என்று கேட்பாரும் உளர். இல்லை. களை முற்றிய பின் தெளித்தல், தெளித்த உடன் மழை பெய்தல், அளவு குறைதல், நீரை வடிக்காமல் களையின் இலை மூழ்கியிருக்கும்போது தெளித்தல் ஆகியவற்றாலும் மருந்து பலிக்காது போகும். வேறுபாட்டை அறிய எளிய அடையாளங்கள் உண்டு. தெளித்த முறை தவறென்றால் தப்பிய களை கோடு கோடாகவும் ஓரங்களிலும் நிற்கும். பல இனங்களும் கலந்து நிற்கும். எதிர்ப்புத் திறனென்றால் மற்ற இனங்கள் எல்லாம் மடிந்திருக்க ஓரினம் மட்டும் நிற்கும். மடிந்த செடிக்குப் பக்கத்திலேயே அதே இனத்துச் செடி பச்சையாக நிற்கும். சென்ற பருவத்தில் இருந்த திட்டு இப்பருவத்தில் பெரிதாகியிருக்கும். இவ்வடையாளங்களைக் கண்டவர் அதே மருந்தை இரட்டிப்பாக்கித் தெளிப்பது, எரியும் வீட்டில் எண்ணெய் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

சங்கம் செய்யத்தக்கவை

கீழ்க்காணும் யோசனைகளைச் சங்கங்களின் பரிசீலனைக்கு வைக்கிறேன். இவற்றுள் பெரும் பணம் பிடிப்பது ஒன்றுமில்லை.

(1) களைக்கொல்லி விற்பனைப் பதிவேட்டில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் அதன் வகைக்கென ஒரு பத்தி சேர்க்க வேண்டும். முன் பருவத்தில் எந்த வகை வாங்கினாரோ அதே வகையை மறு பருவத்தில் தவிர்க்குமாறு அங்கத்தினருக்கு விற்பனையாளர் அங்கேயே எடுத்துச் சொல்ல வேண்டும். எந்த மருந்து எந்த வகை என்று தமிழில் எழுதிய பலகை ஒன்று விற்பனைப் பிரிவின் சுவரில் தொங்க வேண்டும்.

(2) மருந்து தெளித்து இரண்டு மூன்று வாரம் கழித்துத் தப்பிய களையை, பூக்குமுன் பிடுங்கிவிட வேண்டும். முழு வயலுக்கு ஆள் கிடைக்காமற் போகலாம். தப்பிய சில செடிகளைப் பிடுங்க ஒரு வயலுக்கு ஓரிருவரே போதும். மகளிர் சுய உதவிக் குழுக்களைக் கொண்டு, ஒரு மடைக்குட்பட்ட வயல்களை ஒரே நாளில் சுற்றிவரச் சங்கம் ஏற்பாடு செய்யலாம். விதை விழாமல் தடுத்த ஒரு செடி, பின்னால் பிடுங்க வேண்டிய ஆயிரம் செடிகளுக்குச் சமம்.

(3) அறுவடை இயந்திரத்தை ஊருக்குள் வாடகைக்குப் பேசும்போதே, வயலில் இறங்குமுன் சுத்தம் செய்து காட்ட வேண்டும் என்பதை நிபந்தனையாக்க வேண்டும். களைத் திட்டு உள்ள வயலைக் கடைசியாக அறுக்கச் செய்ய வேண்டும்.

(4) சான்று பெற்ற விதையையே வழங்க வேண்டும். சொந்த விதை வைத்துக்கொள்வோர், முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் விதையைக் கொட்டி, மிதக்கும் பதரையும் களை விதையையும் அரித்தெடுத்துவிட்டு, நல்ல நீரில் அலசி விதைக்கும் பழைய முறையைக் கைவிடலாகாது.

(5) மருந்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும். நாற்றங்காலிலும் வயலிலும் முதல் தண்ணீர் காட்டிக் களையை முளைக்கவிட்டு, அதன்பின் சேற்றுழவில் மடக்குதல். நட்டபின் நீரை அளவாகக் கட்டிவைத்தல். வரிசை நடவு செய்து உருளைக் களைக்கருவி ஓட்டுதல். பிசானத்துக்குப் பின் உளுந்து, அல்லது தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதல் ஆகிய யாவும் களைக்கு வேறு வேறு சல்லடைகள். ஒரு சல்லடையில் தப்பியது மறு சல்லடையில் சிக்கும். உருளைக் களைக்கருவியை ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. சங்கம் சில வாங்கி வாடகைக்கு விடலாம்.

(6) மேற்சொன்ன அடையாளங்களோடு களை நின்றால், செடியை வேரோடு எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தாரை அணுகி யோசனை கேட்க வேண்டும். 1986-இல் வெளியான அம்பை 16 முதலிய ரகங்களை நமக்குத் தந்த நிலையம் அது. நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. பக்கத்து வயல்காரரிடம் மறைப்பதால் பயனில்லை. தொற்று நோயை மறைத்தவன் வீட்டோடு ஊரும் படுக்கும்.

அங்கத்தினர்களே, அடங்காத களையை ஒழிக்கும் மருந்து இன்னும் பிறக்கவில்லை. ஆனால் அது தோன்றாமல் காக்கும் வழி நம் கையில் இருக்கிறது. ஹரியானாக் குடியானவர்கள் நம்மைவிடச் சோம்பர்களோ அறிவிற் குறைந்தவர்களோ அல்லர். ஒவ்வொருவரும் தத்தம் வயலளவில் சரியென்று தோன்றியதையே செய்தனர். எல்லாரும் ஒரே செயலைத் தனித்தனியாகச் செய்ததால் எல்லாரும் ஒன்றாக நஷ்டப்பட்டனர். தனித்தனியாக நஷ்டப்படுவதைத் தவிர்க்கவே கூட்டுறவு என்று ஒன்று ஏற்பட்டது. வட்டிக்காரன் கையிலிருந்து கடனை மீட்டதும், தரகன் கையிலிருந்து சேலையை மீட்டதும் கூட்டு முயற்சியே. வயலில் நிற்கும் இந்தப் புல்லையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

வரும் பேரவைக் கூட்டத்தில் கடன், பங்கு, லாபப் பிரிவினை ஆகியவற்றோடு, "அடுத்த பருவத்துக்கு எந்த வகைக் களைக்கொல்லி?" என்பதையும் நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளாகச் சேர்க்கும்படி ஒவ்வொரு சங்கத்தாரையும் கேட்டுக்கொள்கிறேன். தலைமடையில் உள்ள நாம் முதலில் தொடங்குவதே முறை.